ரஹ்மத்துன்னிசாவின் கடல்பாசி

அன்று காலை ஆய்வறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜன்னலை ஒட்டிய உயரமான முக்காலியில் நீலாவதி. அவருக்கு எதிரே, கைவைத்த ஒரே நாற்காலியில், தோட்ட அதிகாரி திருநாவுக்கரசு. கதவோரம் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அபர்டீன் பஜார் மளிகைக்கடை சேக் தாவூத். அலமாரிப் பக்கம் கிடந்த பெஞ்சில், முக்காட்டை ஒரு கையால் பிடித்தபடி, அவர் மனைவி ரஹ்மத்துன்னிசா. வாசற்படியில், உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல், மங்களூட்டானில் குடியேறிய வங்காளி விவசாயி ஹல்தார். அவர் மடியில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கத்தரிச்செடி. தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் சண்முகம் ஆகிய நான், அந்த அலுவலகத்தின் ஒரே குமாஸ்தா.

போர்ட் பிளேரின் டெலானிபூர் மேட்டில் இருந்த அந்த மரக்கட்டட அறைக்குள் இத்தனை பேர் கூடுவது வழக்கமில்லை. கூடியதற்குக் காரணம் மேஜைமேல் இருந்த மரப்பெட்டி. அதற்குள் நீலாவதியின் கண்ணாடித் தட்டுகள் இருந்தன. அன்று அவற்றைத் திறக்க வேண்டிய நாள்.

எங்கள் திட்டம் சின்னது. குடியேறிகளின் தோட்டங்களில் கத்தரியும் தக்காளியும் மிளகாயும் காய்க்கப்போகும் நேரத்தில் பச்சை பச்சையாகவே வாடிவிழுந்தன. காலையில் நிமிர்ந்து நின்ற செடி சாயங்காலம் வெந்நீர் ஊற்றியதுபோல் தொங்கும். பூச்சி கிடையாது, புழு கிடையாது. வாடிய செடியின் தண்டை நறுக்கி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திவைத்தால், வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல் வெள்ளையாக ஒன்று கீழே இறங்கும். அத்தனையும் கிருமி. மண்ணில் வாழ்ந்து, வேர்வழியே ஏறுகிற பாக்டீரியா. அதைப் போர்ட் பிளேரைச் சுற்றிக் கிடைக்கும் மருந்து இலைகளின் சாறு கொல்லுமா என்று பார்ப்பதுதான் நீலாவதிக்குக் கொடுத்த வேலை. திருச்சிக்காரர். வேளாண்மைப் பட்டம் வாங்கிக்கொண்டு, வீட்டில் எல்லோரும் தடுத்தும் கேட்காமல் கப்பல் ஏறி வந்தவர்.

நொச்சி, ஆடாதோடை, துளசி, குப்பைமேனி, புங்கன் என்று ஒவ்வொன்றாக இலையை இடித்து ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சாறெடுப்பார். வடிதாளைச் சின்னச் சின்ன வட்டமாக வெட்டிச் சாற்றில் நனைத்து உலர்த்துவார். வட்டம் வெட்டுவதற்கு என் அலுவலகத்துப் பஞ்சிங் மெஷினைத்தான் எடுத்துப்போவார். அந்தவகையில் எனக்கும் இந்த ஆராய்ச்சியில் ஒரு பங்கு உண்டு என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. கண்ணாடித் தட்டில் கிருமிக்குச் சாப்பாடாக ஒரு கூழை ஊற்றி உறையவைத்து, அதன்மேல் கிருமியைத் தடவி, அந்த வட்டத்தை வைப்பார். சாறு கிருமியைக் கொன்றால் வட்டத்தைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் ஒரு வெற்றிடம் தெரியும். கொல்லாவிட்டால் தட்டு முழுக்க வெண்மையாகப் பூத்துவிடும்.

இதுவரை பூத்ததுதான் மிச்சம். நொச்சி மட்டும் நகத்தின் வெள்ளைப்பிறை அளவுக்கு ஓர் ஓரத்தைக் காட்டியது. அதையும் நீலாவதி நம்பவில்லை.

மெயின்லேண்டில் இருந்த எங்கள் திட்டத் தலைவர் பொறுமை இழந்துவிட்டார். மார்ச்சோடு திட்டத்தை முடிக்கப்போவதாகவும், நீட்டிப்பதற்குக் காரணம் ஏதும் இருந்தால் இந்தக் கப்பலிலேயே எழுதி அனுப்ப வேண்டும் என்றும் போன கப்பலில் கடிதம் வந்திருந்தது. இந்தக் கப்பல் துறைமுகத்தில் மரம் ஏற்றிக்கொண்டு நின்றது. திட்டம் முடிந்தால் எனக்கு வேறு மேஜை கிடைக்கும், திருநாவுக்கரசு சாருக்கு அவர் தோட்டம் இருக்கிறது. நீலாவதிக்கு ஒன்றும் இல்லை. ஊரில் அவருடைய அண்ணன் பள்ளிக்கூட வேலை ஒன்றைப் பேசிவைத்துக்கொண்டு காத்திருந்தார். "கரும்பலகையில கிருமிப் படம் வரையறதுக்கா சண்முகம் நான் இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று அந்தக் கடிதம் வந்த அன்று என்னிடம் கேட்டார். அன்றிலிருந்து வேலையை இரட்டிப்பாக்கினார்.

அந்தச் சமயம் பார்த்துக் கூழை உறையவைக்கும் அகார் தூள் தீர்ந்துபோனது. அடுத்த டின் வர அடுத்த கப்பல் வரவேண்டும். நான் அபர்டீன் பஜாருக்கு ஏதோ வாங்கப் போனபோது தாவூத் பாய் கடையில் வெள்ளை வெள்ளையாக நூல் கட்டு ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். நோன்பு நெருங்கிக்கொண்டிருந்ததால், இனிப்புக் காய்ச்சும் கடல்பாசி தருவித்திருந்தார். ஒரு கட்டு வாங்கிவந்து நீலாவதியிடம் காட்டினேன். துள்ளிக் குதிக்காத குறை. "சண்முகம், அகார்ங்கறதே இதுதான்! நாம தூளா வாங்கறோம், அவங்க நூலா வாங்கறாங்க!"

ஆனால் கொதிக்கவைத்தால் அது அவருக்கு உறையவில்லை. ஒருமுறை கஞ்சியாக நின்றது, மறுமுறை கட்டி கட்டியாகத் திரண்டது. தாவூத் பாயிடம் சொன்னேன். "பட்டணத்துப் படிப்புக்கு கடல்பாசி மசியலையா? தீக் ஹை, எங்க வூட்டுல குடுங்க. எம்பொஞ்சாதி காய்ச்சினா தட்டுல தலைகீழாக் கவுத்தாலும் விழாது" என்றார். ரஹ்மத்துன்னிசா சீனி சேர்க்காமல் காய்ச்சி, தூக்குச்சட்டி நிறையக் கொடுத்தனுப்பினார். நீலாவதி அதில் எலும்புச்சாறும் உப்பும் கலந்து, பிரஷர் குக்கரில் வைத்துச் சுத்தப்படுத்தி, தட்டுகளில் ஊற்றினார். கண்ணாடிபோல் உறைந்தது. கிருமி தடவினார், வட்டங்களை வைத்தார், மரப்பெட்டியில் அடுக்கி மூடினார். அவைதாம் அன்று காலை திறக்கவிருந்த தட்டுகள். தான் காய்ச்சிய கடல்பாசியில் என்ன விளைந்திருக்கிறது என்று பார்க்காமல் விடுவதில்லை என்று ரஹ்மத்துன்னிசாவும் புருஷனைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

நீலாவதி முதல் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றும் இல்லை. வெள்ளைப் பூப்பு ஒரு புள்ளிகூட இல்லை. வட்டங்கள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தன. அடுத்த தட்டும் அப்படியே. அதற்கடுத்ததும்.

திருநாவுக்கரசு சார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "செத்துப்போச்சு! அத்தனையும் செத்துப்போச்சும்மா! சண்முகம், பேப்பரைச் சொருகு. அன்புள்ள ஐயான்னு ஆரம்பி!"

"திதி, ஸப் மர் கயா?" என்று ஹல்தார் வாசற்படியிலிருந்து எட்டிப்பார்த்தார். அக்கா, எல்லாம் செத்ததா என்று கேட்கிறார். அவர் கத்தரியைக் கொன்ற கிருமி.

நான் தாளைச் சொருகித் தேதியும் அடித்துவிட்டேன். நீலாவதியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் விரலை எடுத்தேன். அவர் கையில் கடைசித் தட்டு இருந்தது. அதில் வட்டமே வைக்கவில்லை. வெறும் கூழும் கிருமியும் மட்டும்.

"இதுல எந்த இலையும் இல்ல சார்," என்றார். "இதுவும் காலி."

"காலின்னா நல்லதுதானே?"

"இலையே இல்லாம எப்படி சார் சாகும்? இங்க வளர்ந்து, அங்க வளரலைன்னாத்தான் இலை கொன்னுச்சுன்னு அர்த்தம். ரெண்டுலயும் வளரலைன்னா ஒண்ணுக்கும் அர்த்தமில்ல."

திருநாவுக்கரசு சார் மெல்ல உட்கார்ந்தார். "ஒருவேளை நீ தடவினதே செத்த கிருமியோ என்னமோ."

நீலாவதி ஒரு சோதனைக்குழாயை எடுத்துக் காட்டினார். அகார் டின்னில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்ததைச் சுரண்டிக் காய்ச்சிய கூழ் அதில் இருந்தது. அதே நாள், அதே கிருமியை அதிலும் தடவிவைத்திருந்தார். பாலாடைபோல் தளதளவென்று பூத்திருந்தது. கிருமி உயிரோடுதான் இருந்தது. சாப்பாட்டில்தான் ஏதோ இருந்திருக்கிறது.

எல்லோரும் ஒரே நேரத்தில் தாவூத் பாயைப் பார்த்தோம்.

"என்ன எல்லாரும் இப்பிடிப் பாக்குறிய?" அவர் பெட்டியிலிருந்து எழுந்துவிட்டார். "எங்கடைச் சரக்குல கலப்படம்ங்கிறியளா? பிலகுல் சுத்தமான கடல்பாசி. கீழக்கரையில எங்க வாப்பா யாவாரம் பண்ணுன காலத்துலருந்து ஒரு சொல்லு வந்ததில்ல எங்களுக்கு."

"கலப்படம்னு யாரு பாய் சொன்னாங்க?" என்று நீலாவதி சமாதானப்படுத்தினார். "பூச்சி வராம இருக்க ரசகற்பூரம், மருந்து ஏதாவது பக்கத்துல வச்சிருந்தீங்களா?"

"திங்குற பொருளுக்குப் பக்கத்துல யாரும்மா மருந்து வைப்பா?"

"அப்ப பாத்திரத்துல ஏதாவது? சோப்பு, சோடா? அக்கா, எப்படிக் காய்ச்சினீங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்."

ரஹ்மத்துன்னிசாவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "எப்பிடிக் காச்சுவாக? ஊற வைக்கணும். பெறகு அடுப்புல ஏத்திக் கரையிற மட்டும் கிண்டணும். துணியில வடிகட்டணும். சீனி போடக் கூடாதுன்னிய, போடல. தேங்காத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னிய, ஊத்தல. எசன்சு போடல. ஒண்ணுமே போடல."

"ஒண்ணுமேவா?"

"கடல்பாசியும் தண்ணியும்தான். வாடைக்கு எலை போட்டதுதான்."

தாவூத் பாய் இன்னும் கீழக்கரையைப் பற்றி ஏதோ முனகிக்கொண்டிருந்தார். நீலாவதி முக்காலியிலிருந்து இறங்கி, பெஞ்சுக்கு எதிரே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எந்த இலை அக்கா?"

"பட்டை மரத்து எலைதான். வூட்டுக்குப் பின்னால நிக்கிதே. பாசியில கடல் வாடை அடிக்கும்ல? எலையப் போட்டு கொதிக்கவிட்டு எடுத்துட்டா வாடை போயிரும். எங்க பக்கம் அதில்லாம காச்ச மாட்டாக."

"அதை ஏங்க்கா எங்ககிட்டச் சொல்லல?"

"அதச் சொல்லணுமா? தண்ணி ஊத்துனேன், அடுப்பு பத்த வச்சேன்னு சொன்னேனா? நீங்க இனிப்பு வேணாம்னிய. எலை இனிப்பா?"

"எத்தனை இலை?"

"நெறையக் காச்சினோம், நெறையப் போட்டேன். ஒரு கைப்பிடி இருக்கும்."

நீலாவதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அழப்போகிறாரோ என்று பயந்துவிட்டேன். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். "வாசனை வந்துச்சு சண்முகம்! குக்கரைத் திறந்தப்ப நல்லா வந்துச்சு! மளிகைக் கடையிலேருந்து வந்த பொருள், மசாலா மூட்டைக்குப் பக்கத்துல தொங்கிருக்கும்னு நானே நினைச்சுக்கிட்டேன். நான் காட்டுல ஏறி இறங்கி இலை தேடிக்கிட்டிருக்கேன், இது தட்டுக்குள்ளேயே இருந்திருக்கு!"

"அப்ப எங்கடல்பாசி சுத்தந்தானே?" என்றார் தாவூத் பாய்.

"சுத்தம் பாய்! கிருமிகூட நுழைய முடியாத சுத்தம்!"

அடுத்து நடந்ததெல்லாம் ஓட்டம்தான். ஒரே ஒரு தடவை இப்படி ஆனதை வைத்து எழுத முடியாது. இலை போட்டதும் போடாததுமாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கிருமி பூக்க இரண்டு இரவாவது ஆகும். கப்பலில் மரம் ஏற்றி முடிவதற்குள் ஆகவேண்டும். திருநாவுக்கரசு சார் தோட்டத்து ஜீப்பை எடுத்தார். எல்லோரும் அதில் அடைந்துகொண்டோம். ஹல்தார் கத்தரிச்செடியைக் கீழே வைக்க மனமில்லாமல் அதோடே ஏறிவிட்டார். டெலானிபூர் இறக்கத்தில் அதன் தலை என் காதில் உரசிக்கொண்டே வந்தது.

தாவூத் பாயின் வீடு கடைக்குப் பின்னால். பட்டை மரம் கிணற்றடியில் நின்றது. ரஹ்மத்துன்னிசா தாழ்ந்த கிளையை வளைத்து, மூன்று நரம்பு ஓடிய தடித்த இலைகளைப் பறித்தார். நீலாவதி ஒன்றைக் கசக்கி முகர்ந்துவிட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார். கிராம்பும் பட்டையும் சேர்ந்து உறைத்தது.

அடுப்படியில் இரண்டு பானை. ஒன்றில் இலையோடு, ஒன்றில் இலையில்லாமல். ரஹ்மத்துன்னிசாதான் கிண்டினார், நீலாவதி பக்கத்தில் நின்றார். இலையில்லாத பானை அவருக்குப் பொறுக்கவே இல்லை. "இத வாயில வைக்க முடியுமா? நாத்தம் கொடலப் பொரட்டுது. கிருமியா இருந்தாலும் ஒரு ஜீவன்தானே, இப்பிடியா சாப்பாடு போடுவிய?"

"அதுங்களுக்கு இதுதான் அக்கா பிடிக்கும்."

"புடிக்கும் புடிக்கும். காரியம் ஆகணும்ல ஒங்களுக்கு."

இலையில்லாததை முதலில் இறக்கினார். வழக்கமாக வடிகட்டும் வெள்ளைத் துணியைக் கொடியிலிருந்து உருவிப் பானைவாயில் போடப்போனார். நீலாவதி பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இந்தத் துணியிலதானே அன்னிக்கும் வடிகட்டினீங்க?"

"அலசித்தான் போட்டேன். ஏன், அழுக்காவா இருக்கு?"

நீலாவதி துணியை மோந்து பார்த்தார். எனக்குக் கொடுத்தார். அலசியிருந்தும் அதில் பட்டை மணம் அப்படியே ஏறிக்கிடந்தது. வருஷக்கணக்காக ஒவ்வொரு நோன்புக்கும் இலைச்சாறு குடித்த துணி. இதில் வடிகட்டியிருந்தால் இலையில்லாத கூழிலும் இலை சேர்ந்திருக்கும், தட்டு மறுபடி காலியாகவே நின்றிருக்கும், கப்பலும் போயிருக்கும்.

"பாய், புதுத் துணி!"

"மளிகைக்கடையில துணிக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்டுக்கொண்டே தாவூத் பாய் உள்ளே ஓடினார். பெருநாளைக்கென்று வாங்கி இன்னும் தைக்கக் கொடுக்காத மல் துணி ஒன்றைக் கொண்டுவந்து, மனைவி பார்க்கப் பார்க்கச் சர்ரென்று கிழித்தார்.

"இஞ்சேருங்க! ஒங்க சட்டைத் துணி!"

"போகட்டும் புள்ள. கை இல்லாத சட்டையாத் தச்சுக்கறேன். எங்கடல்பாசி மேல பழி தீரட்டும்."

அன்று பகலே தட்டுகள் ஊற்றியாகிவிட்டது. ஒரு வரிசை இலை போட்டுக் காய்ச்சியது. ஒரு வரிசை போடாதது. போடாத வரிசையில் சில தட்டுகளின்மேல், வெந்நீரில் மட்டும் கொதிக்கவைத்த பட்டை இலைச் சாற்றில் நனைத்த வட்டங்கள். கூடவே வெறும் வெந்நீரில் நனைத்த வட்டங்கள். வட்டங்கள் முழுவதையும் நானே பஞ்ச் செய்தேன். வெயில் காலம் தொடங்கியிருந்தும் காற்றில் ஈரம் போகவில்லை. வட்டங்கள் உலரட்டும் என்று நீலாவதி அவற்றின்மேல் விசிறியால் வீசப்போய், ஒன்றிரண்டு பறந்து திருநாவுக்கரசு சாரின் காப்பியில் விழுந்தன. "இனி என் வயித்துல கிருமியே இருக்காது" என்று சொல்லிக்கொண்டே குடித்துவிட்டார்.

பெட்டியைத் திறக்கிற அன்று காலை மறுபடியும் அதே கூட்டம். இந்தத் தடவை யாரும் உட்காரவில்லை. ஹல்தார்கூட உள்ளே வந்துவிட்டார்.

நீலாவதி இலையில்லாத தட்டைத்தான் முதலில் எடுத்தார். தட்டு முழுக்க வெள்ளை. ஈரப் பளபளப்போடு, இடம் விடாமல், கொழகொழவென்று கிருமி பூத்துக்கிடந்தது. நாங்கள் கைதட்டினோம். குடியேறிகளின் தோட்டத்தை அழிக்கிற கிருமி வளர்ந்ததற்குக் கைதட்டிய ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம். ஹல்தார் ஒன்றும் புரியாமல் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

அடுத்தது இலை போட்டுக் காய்ச்சிய தட்டு. துடைத்துவைத்ததுபோல் காலி.

அதற்கடுத்தது வட்டங்கள் வைத்தது. வெறும் வெந்நீர் வட்டத்தை ஒட்டி, அதன் விளிம்பு வரைக்கும் கிருமி ஏறியிருந்தது. பட்டை இலை வட்டத்தைச் சுற்றி ஒரு வெற்றிடம். நொச்சி காட்டிய நகப்பிறை இல்லை. கட்டைவிரலை வைத்தாலும் மறையாத அகலம். கண்ணாடி வழியாக நீலாவதியின் உள்ளங்கை ரேகை தெரிந்தது.

ரஹ்மத்துன்னிசா குனிந்து பார்த்தார். "பல்லு விழுந்த எடம் மாதிரியில்ல இருக்கு."

"ஆமாக்கா! கிருமிக்குப் பல்லைப் பிடுங்கிட்டீங்க!" நீலாவதி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முக்காடு நழுவியது. அதை யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட.

ஹல்தாருக்கு நான் ஹிந்தியில் விளக்கினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "பஸ், உபால்கே டால்னா?" கொதிக்கவைத்து ஊற்றினால் போதுமா என்று. நீலாவதி தலையை ஆட்டி மறுத்தார். தட்டு வேறு, மண் வேறு. மண்ணில் எவ்வளவு ஊற்ற வேண்டும், செடி தாங்குமா, மற்ற நல்ல கிருமிகள் என்னாகும் எல்லாம் இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். ஹல்தார் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கண் பட்டை இலை கிடந்த தட்டத்தின்மேலேயே இருந்தது. ஒரு பிடியை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டதை நான் பார்த்தேன். நீலாவதியும் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனிக் கடிதம். மெயில் பையை அன்று சாயங்காலம் கட்டுவதாகத் தபால் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். நான் புதுத் தாளைச் சொருகினேன். முறைப்படி எழுதினால்தான் மேலே படிப்பார்கள் என்பது என் அனுபவம்: பொருள், பார்வை, பிறகு விஷயம். பொருளும் பார்வையும் அடித்தாயிற்று. விஷயத்தில்தான் தகராறு வந்தது.

"நேரா ரெண்டாவது சோதனையிலேருந்து ஆரம்பி," என்றார் திருநாவுக்கரசு சார். "உள்ளூர் இலைகளை வரிசையா ஆராய்ஞ்சோம், அதுல பட்டை இலை சிறந்ததுன்னு தெரிஞ்சது. முடிஞ்சது."

"முதல் தடவை நடந்தது சார்?" என்றார் நீலாவதி.

"அது எதுக்கும்மா? மளிகைக்கடைப் பாசியை வாங்கி, ஒரு வீட்டு அடுப்படியில காய்ச்சி, அதுல என்ன விழுந்துச்சுன்னே தெரியாம கிருமி வளர்த்தோம்னு எழுதினா அங்க என்ன நினைப்பாங்க? கவனக்குறைவுன்னு ஒரே வார்த்தையில மூடிடுவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். மார்ச் தாண்டணும்ல நீ?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் கவலையெல்லாம் நீலாவதியைப் பற்றித்தான். நீலாவதி தட்டுகள் இருந்த மேஜைக்கு வந்தார்.

"சார், இத்தனை மாசமா எல்லா இலையையும் நான் ஸ்பிரிட்லதான் ஊறவச்சேன். கொதிக்கவச்சா வீரியம் போயிடும்னு ஒண்ணைக்கூடக் கொதிக்க வைக்கல. பட்டை இலை எனக்குக் கிடைச்சிருந்தாலும் ஸ்பிரிட்லதான் போட்டிருப்பேன். அக்கா அடுப்புல கொதிக்கவச்சாங்க. அதுக்கு மேல நான் குக்கர்ல வேற வேகவச்சேன். அப்படியும் கிருமியை அண்டவிடல. மங்களூட்டான்ல யார்கிட்ட சார் ஸ்பிரிட் இருக்கு? அடுப்பு எல்லார்கிட்டயும் இருக்கு. நமக்குக் கிடைச்சதுலயே பெரிய விஷயம் அந்த முதல் தட்டுதான். அதை மறைச்சுட்டு நான் எதைக் காட்டி இன்னும் ஒரு வருஷம் கேக்கறது?"

திருநாவுக்கரசு சார் மோவாயைத் தடவினார். "அதுவும் சரிதான். ஆனா உன் கவனக்குறைவுன்னு வந்துடுமே."

"வரட்டும் சார். வாசனை வந்தும் விட்டுட்டேன்ல? அதையும் எழுதிடு சண்முகம்."

நான் அடித்தேன். "உறைபொருள் தயாரிக்கையில் ஒரு குடும்பப் பெண்மணி தவறுதலாக இலை சேர்த்துவிட்ட காரணத்தால்" என்று ஒரு வரி வந்தது. ஆங்கிலத்தில் அடித்ததைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டினேன். பெஞ்சிலிருந்து உடனே குரல் வந்தது.

"யாரு தவறுதலாச் சேத்தா?"

"இல்லம்மா, எழுத்துல அப்படித்தான்..."

"நான் தவறுதலாவா சேத்தேன்? எப்பவும் சேக்குறதத்தானே சேத்தேன்? நாளைக்கு மெட்ராசுல எவராவது ரஹ்மத்துன்னிசாவுக்குக் கடல்பாசி காச்சத் தெரியாதுன்னு சொல்லணுமா?"

"பேரு போடலம்மா. குடும்பப் பெண்மணின்னுதான்..."

"ஏன் போடல?" என்றார் தாவூத் பாய். "எலை எங்க வூட்டு எலை. பாசி எங்கடைப் பாசி. சட்டைத் துணி என்னுது. பேரு மட்டும் வராதா?"

நீலாவதி விழுந்து விழுந்து சிரித்தார். நான் தாளை உருவி, புதிதாக ஒன்றைச் சொருகினேன். "அபர்டீன் பஜாரைச் சேர்ந்த திருமதி ரஹ்மத்துன்னிசா, தம் வீட்டு வழக்கப்படி, உறைபொருளில் பட்டை மர இலைகளை இட்டுக் கொதிக்கவைத்தார். வாசனையைக் கவனித்தும் அதன் காரணத்தை ஆய்வாளர் விசாரிக்கவில்லை. விளைவு கீழே தரப்படுகிறது." படித்துக் காட்டினேன். ரஹ்மத்துன்னிசா, "இப்பச் சரி" என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

மீதியெல்லாம் தடங்கலில்லாமல் ஓடியது. இலை போட்ட தட்டு, போடாத தட்டு, வட்டங்களின் அகலம், வெந்நீர் வட்டங்கள். புதுத் துணியைப் பற்றியும் ஒரு வரி. மண்ணில் இன்னும் சோதிக்கவில்லை என்று தெளிவாக ஒரு வரி. கடைசியில் கோரிக்கை: மண்தொட்டியில் கத்தரி நட்டு, வாடல் கிருமி கலந்த மண்ணில் இந்தக் கொதிநீரை ஊற்றிப் பார்ப்பதற்குத் திட்டத்தை ஓராண்டு நீட்டிக்க வேண்டும். நான் இதை அடிக்கும்போது மட்டும் நீலாவதி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று நான் தமிழில் படித்துக் காட்டியதில் பணிவை நீக்கச் சொன்னார். "அன்போட கேட்டாப் போதும்" என்றார். அது அரசாங்கக் கடிதத்தில் வராது என்றேன். "அப்ப வெறுமனே கேட்டுக்கொள்கிறேன்னு போடு." போட்டேன். கையெழுத்திட்டார்.

கப்பலின் முதல் சங்கு கேட்டபோது உறைக்கு நான் கோந்து தடவிக்கொண்டிருந்தேன். திருநாவுக்கரசு சார் அரக்கைத் தீக்குச்சியில் உருக்கி மடிப்பின்மேல் சொட்டினார், நீலாவதி அலுவலக முத்திரையை அழுத்தினார். அவசரத்தில் கொஞ்சம் சாய்வாகத்தான் விழுந்தது. ஆறுவதற்குக் காத்திருக்க நேரமில்லை. அரக்கு மேலாக உறையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். நீலாவதியும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் தொட்டியைப் பற்றியே பேசிவந்தார்: எத்தனை தொட்டி, எந்தக் கத்தரி, ஹல்தார் நிலத்து மண் எவ்வளவு வேண்டும் என்று.

தபால் ஆபீஸ் கவுண்டரில் பையின் வாயைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். "நில்லுங்க! ஏக் மினிட், பாய்சாப்!" என்று நீலாவதி வாசலிலிருந்தே கத்தினார். கவுண்டர்க்காரர் கயிற்றைத் தளர்த்திப் பையை எங்கள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். நான் உறையை நீலாவதியிடம் கொடுத்தேன். அவர் அரக்கை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, உறையை உள்ளே போட்டார். கயிறு இறுகியது.